கிராம்பு நாறிய தீவு

உலகத்தில் இதுவரை பிறந்த மூக்குகளிலேயே தலைசிறந்த மூக்கு துபாயில், தேரா மசாலா சூக் என்கிற சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தில் குடியிருந்தது. அதைச் சுமந்துகொண்டு திரிந்தவரை நாங்கள் மூக்கு பாய் என்போம். அவருடைய உண்மைப் பெயர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது. இமிகிரேஷன் கவுண்டரைத் தவிர வேறெங்கும் அது வெளியே வந்ததாக எனக்கு நினைவில்லை.

பாய் கீழக்கரைக்காரர். மசாலா சூக்கில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இருபத்தாறு வருடமாகச் சரக்குத் தரம் பார்க்கும் வேலை. மூட்டை வந்து இறங்கியதும் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். மூக்குக்குக் கீழே வைத்துக் கண்ணை மூடுவார். கடையே மூச்சை அடக்கிக்கொள்ளும். "மடகாஸ்கர் சரக்கு. போன வருஷத்துது. கப்பல்ல டீசல் டின் பக்கத்துல அடுக்கியிருக்கான்" என்பார். அவ்வளவுதான், அர்பாப் எழுந்து வந்து விலையைப் பாதியிலிருந்து பேச ஆரம்பிப்பார். முதலாளியை அங்கே அர்பாப் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். அந்தக் கட்டிடத்தில் ஒன்பது வருடம் பாயின் ரூமில் மேல் கட்டிலில் படுத்திருந்தவன். அந்த ஒன்பது வருடமும் கட்டிடத்தில் யாராலும் ஒரு ரகசியத்தையும் காப்பாற்ற முடியவில்லை. பாய் மாடிப்படியில் ஏறும்போதே, "மூணாவது மாடியில எவனோ சாம்பார்ல பெருங்காயத்த ரெண்டு தடவ போட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டே வருவார். சொன்னதோடு விட்டால் பரவாயில்லை. மூன்றாவது மாடி வரை ஏறிப் போய்க் கதவைத் தட்டி, சம்பந்தப்பட்டவரிடமே சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். பெருங்காயம் போட்ட திருநெல்வேலி அண்ணாச்சி அதற்கப்புறம் ஜன்னலை அடைத்துக்கொண்டு சமைத்தார். அதிலும் பலனில்லை.

ஒரு நாள் மத்தியானம் டீக்கடை வாசலில் அரசியல் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். மூக்கு இரண்டு தடவை துடித்தது. அடுத்த நொடி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினார். இரண்டாவது மாடியில் பெஷாவர்க்காரர்கள் கேஸ் அடுப்பைச் சரியாக மூடாமல் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். பூட்டை உடைத்து சிலிண்டரை மூடினார். நாற்பது பேர் உயிர் தப்பினார்கள். நன்றிக்கடனாகப் பெஷாவர்க்காரர்கள் ஒரு தேக்சா நிறைய பிரியாணி கொண்டுவந்தார்கள். பாய் மூடியைத் திறந்து, "ஏலக்காய் பழசு பாய்" என்றார்.

பிறகு நான் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்கு மாறிப் போனேன். நாள் முழுக்கக் களிமண் தூசியில் நிற்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தேராவுக்குப் போவேன், அல்லது பாய் என் கம்பெனித் தொழிலாளர் கேம்புக்கு வருவார். அப்படி ஒரு ஞாயிறு அவர் வந்திருந்தபோதுதான் அந்த மீன் குழம்பு விவகாரம் நடந்தது. முந்தின நாள் கரண்ட் போனதில் பிரிட்ஜில் இருந்த குழம்பு கெட்டுப் போயிருந்தது. சட்டியைத் திறந்ததும் ரூமில் இருந்த ஐந்து பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் பாய் தட்டில் சோற்றைப் போட்டு, அந்தக் குழம்பை ஊற்றி, பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"அருமையா வச்சிருக்கானுவ மாப்ள. லேசாப் புளி தூக்கல்" என்றார்.

தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு அவரை வெளியே அழைத்துப் போனேன்.

"பாய், உங்க மூக்குக்கு என்ன ஆச்சு?"

பாய் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு வருஷம் ஆச்சுடா. கொரோனா வந்து படுத்தேன்ல, அப்பப் போனது. எல்லாருக்கும் திரும்பி வந்துருச்சு, எனக்கு வரல. நகத்தால கிள்ளிப் பாக்குறேன், தண்ணியில போட்டுப் பாக்குறேன், கடைசியா மோந்து பாக்குற மாதிரி கண்ண மூடிக்கிறேன். கடையில ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிஞ்சா அர்பாப் விசாவக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவான்."

"அதுக்காக இப்படியா, கெட்டுப்போன குழம்ப..."

"கடைய விடுடா. லீவுல போனேன்ல, பேத்தியத் தூக்கிக் கையில குடுத்தாங்க. மூணு மாசப் புள்ள. உச்சந்தலையில மூக்க வச்சேன். ஒண்ணுமே இல்ல மாப்ள. சுவத்த மோந்த மாதிரி இருந்துச்சு."

இருபத்தாறு வருடமாக உலகத்தையே மோந்து பார்த்துத் தரம் சொன்ன மனிதர் இதைச் சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஆனால் பாயிடம் யாரும் அதிக நேரம் வருத்தப்பட்டுக்கொண்டிருக்க முடியாது. அடுத்த நிமிடமே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு திட்டத்தை எடுத்து விட்டார்.

ஆப்பிரிக்கா பக்கம் சான்சிபார் இருக்கிறது. அதற்கு வடக்கே பெம்பா என்று ஒரு தீவு. தீவு முழுக்கக் கிராம்பு மரம். ஓமான் சுல்தான்கள் காலத்தில் வளைகுடாவிலிருந்து பேரீச்சம்பழம் ஏற்றிக்கொண்டு போகிற மரக்கலங்கள் அங்கிருந்து கிராம்போடு திரும்புமாம். கரை கண்ணில் படுவதற்கு முன்பே வாசம் கடலுக்கு வந்துவிடுமாம். ஆகஸ்டு மாதம் அறுவடை. அந்த வாசத்துக்கு நடுவில் போய் நின்றால் மூக்கு திறக்காமல் எங்கே போகும் என்பது பாயின் வாதம்.

"பிளைட்ல போயிட்டு வந்துருவோம் பாய்" என்றேன்.

"பிளைட்ல போனா வாசம் திடீர்னு அடிக்கும். மூக்கு பயந்துரும். பாய்மரப் படகுலதான் போவணும். கொஞ்சங் கொஞ்சமா வரணும்."

அர்பாபிடம் சரக்கு பார்க்கப் போவதாகச் சொன்னார். நான் கம்பெனியில் பத்து நாள் லீவு வாங்கினேன். ஊருக்குப் போகாமல் லீவு எடுத்ததற்காக என் மனைவி போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

கிளம்புகிற அன்று பாய் ஏர்போர்ட்டுக்கு ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். நான்கு பக்கமும் மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு, நான்கு பக்கமும் கொட்டை எழுத்தில் பேர், ஊர், போன் நம்பர். லீவு என்றால் பெட்டி கட்ட வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். உள்ளே பால் பவுடர், ஆரஞ்சு ஜூஸ் பவுடர், தலைவலித் தைலம் இரண்டு டஜன், சோப்பு, மிட்டாய், ஒரு டார்ச் லைட், பூப்போட்ட கம்பளி ஒன்று.

"யாருக்கு பாய் இதெல்லாம்? அங்க நமக்கு யாரத் தெரியும்?"

"போன பொறகு தெரிஞ்சிக்கிட்டாப் போச்சு. ஒரு ஊருக்கு வெறுங்கைய வீசிக்கிட்டா போறது?"

சான்சிபாரில் ஜுமா என்ற படகுக்காரரைப் பிடித்தோம். மஸ்கட்டில் ஆறு வருடம் வேலை பார்த்து, வளைகுடாவில் எல்லோரும் பேசுகிற ஹிந்தியைக் கற்றுக்கொண்டவர். ஆகவே ஒரு தமிழ் முஸ்லிமும் ஒரு முதுகுளத்தூரானும் ஒரு ஆப்பிரிக்கரும் நடுக்கடலில் ஹிந்தியில் பேசிக்கொண்டோம். எங்கள் மூவர் ஹிந்தியையும் ஒரு ஹிந்திக்காரர் கேட்டிருந்தால் கடலில் குதித்திருப்பார்.

அந்த மூன்று நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. தெற்கத்திக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. ஒற்றைப் பாய்மரம் விம்மிக்கொண்டு நின்றது. பச்சைத் தண்ணீர், அடியில் மணல், மணல் மேல் எங்கள் படகின் நிழல். வழியெல்லாம் குட்டிக் குட்டித் தீவுகள். சிலவற்றில் நாலு தென்னையும் ஒரு நண்டுப் படையும் தவிர வேறு ஜீவன் இல்லை. ஒரு தீவில் பவளக்கல்லால் கட்டிய பழைய கிட்டங்கி ஒன்று கூரையில்லாமல் நின்றது. அந்தக் காலத்து வியாபாரிகள் சரக்கை அதில் இறக்கிவிட்டுக் காற்று திரும்புகிற வரை மாதக்கணக்கில் காத்திருப்பார்களாம். காற்று திரும்பாமல் ஊருக்குப் போக முடியாது.

பாய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "நமக்கு அர்பாப் கையெழுத்து, அவனுக்குக் காத்து. லீவு கெடைக்காம அன்னைக்கே கெடந்திருக்கானுவ பாரு" என்றார்.

நான் முதல் நாள் முழுக்க வாந்தி எடுத்தேன். பாயோ படகின் முன் நுனியில் போய் உட்கார்ந்து, மூக்கை நீட்டிக்கொண்டு, கப்பலுக்கு முன்னால் செதுக்கி வைத்த பொம்மை போல வந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம், "உனக்கு வருதாடா?" என்று கேட்பார். "இல்ல பாய்" என்பேன். நிம்மதியாகத் திரும்பிக்கொள்வார். எனக்கு வந்து அவருக்கு வராமல் போய்விடுமோ என்பதுதான் அவருடைய பயம். எனக்கும் அதே பயம்தான்.

மூன்றாம் நாள் பெம்பா தெரிந்தது. பச்சைப் பசேலென்று மேடும் பள்ளமுமாக ஒரு தீவு. வாசம் மட்டும் இல்லை.

ஜுமாவிடம் கேட்டோம். அவர் சாவகாசமாகச் சொன்னார். "காத்து நமக்குப் பின்னால இருந்து வருது பாய். வாசம் அந்தப் பக்கமாப் போகும். மொம்பாசாவுல இருக்கிறவனுக்குத்தான் இப்ப வரும்."

எங்கள் இருவர் மூளையிலும் இது உதிக்கவே இல்லை. பாய் ஒரு நிமிடம்தான் யோசித்தார். "அப்பத் தீவத் தாண்டி வடக்க போ. போயிட்டுத் திரும்பி வா" என்றார். ஜுமா எங்களை மேலும் கீழும் பார்த்தார். எதிர்க்காற்றில் திரும்பி வருவது என்றால் வளைந்து வளைந்து அரை நாள் ஆகும். ஆனால் பாயின் முகத்தைப் பார்த்தபின் அவர் சுக்கானைத் திருப்பினார்.

தீவின் வடமுனையைத் தாண்டினோம். படகு திரும்பியது. காற்று முகத்தில் அடித்தது. அப்போது வந்தது வாசம்.

பல்வலிக்கு வைக்கிற கிராம்பு எண்ணெயை ஒரு தீவளவுக்கு ஊற்றி வைத்தது போல இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாய் திரும்பி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. என் முகமே சொல்லிவிட்டது.

கண்ணை மூடி உறிஞ்சினார். இன்னொரு தடவை. மார்பு கூடு விட்டு வெளியே வந்துவிடும் போல உறிஞ்சினார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"எப்படி இருக்குடா? சொல்லு. நீ சொல்லு, நான் கேக்குறேன்."

களிமண் தூசியில் காய்ந்து போன என் மூக்கால் முடிந்ததைச் சொன்னேன். முதலில் காரமாக வருகிறது, பின்னால் கொஞ்சம் இனிப்பாக, வெயிலில் காய்ந்த மரம் மாதிரி, என்றேன். "ம், அது புதுச் சரக்கு. இந்த வாரம் பறிச்சது" என்று அவர் தலையாட்டினார். என் வாயால் சொல்வதைக் கேட்டுத் தரம் பார்க்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடல் தண்ணீர் பட்டதாகக் காட்டிக்கொண்டேன்.

கரையில் இறங்கியதும் இரண்டு அதிகாரிகள் நின்றார்கள். ஒருவர் தலையில் முக்காடு போட்ட அம்மையார், அவர்தான் பெரியவர். அங்கே கிராம்பை அரசாங்கம்தான் வாங்கும். அதைத் திருட்டுத்தனமாக மொம்பாசாவுக்குக் கடத்துகிறவர்கள் உண்டு. வடக்கே போய், நோக்கமே இல்லாமல் வளைந்து வளைந்து திரும்பி வந்த எங்கள் படகை அவர்கள் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மஞ்சள் கயிற்றை அறுக்கவே கால் மணி நேரம் ஆனது. தைலம் வந்தது. பால் பவுடர் வந்தது. கம்பளி வந்தது. கம்பளிக்குள்ளிருந்து ஒரு பை வந்தது. அதில் இரண்டு கிலோ கிராம்பு.

எனக்கே அப்போதுதான் தெரியும். "பாய், கிராம்புத் தீவுக்கு எதுக்குக் கிராம்பு கொண்டாந்தீங்க?" என்று தமிழில் பல்லைக் கடித்தேன்.

"சாம்பிள்டா. மூக்கு தெறந்துச்சுன்னா நம்ம கடைச் சரக்க மோந்து ஒத்துப் பாக்கணும்ல. இத இந்தம்மாட்டச் சொல்லிராத. மூக்கு இல்லாதவன்னு தெரிஞ்சா மானம் போயிரும்."

அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார், இது எதற்கு என்று. நான் உளறினேன்: "டீக்கு."

"இரண்டு கிலோவா? எத்தனை டீ குடிப்பீர்கள்?"

எல்லோரும் வெளியே கொண்டுபோவார்கள், நீங்கள் உள்ளே கொண்டுவருகிறீர்கள், இதில் ஏதோ பெரிய தந்திரம் இருக்கிறது என்பது அவர் முடிவு. இது பெம்பா சரக்கு இல்லை, துபாயிலிருந்து வந்த வேறு நாட்டுச் சரக்கு என்று நிரூபித்தால் விடுகிறேன் என்றார். பாய் தரம் பார்க்கிறவர் என்று ஜுமா சொல்லிவிட்டார். உடனே மேஜை மேல் இரண்டு குவியல்கள் வைக்கப்பட்டன. ஒன்று பையிலிருந்து எடுத்தது, இன்னொன்று அவர்களுடையது. பாயைத் திரும்பி நிற்கச் சொல்லி இடம் மாற்றினார்கள். "மோந்து பார்த்துச் சொல்லட்டும்" என்றார் அம்மையார்.

வெளிநாட்டு ஜெயிலிலிருந்து மனைவிக்கு எப்படிப் போன் செய்வது என்று யோசித்தேன்.

பாய் சட்டைக் கையை மடித்துவிட்டார். "ஏக் கிளாஸ் பானி" என்றார் கம்பீரமாக. தண்ணீர் வந்தது. இரண்டு குவியலிலிருந்தும் நாலு நாலு கிராம்பு எடுத்தார். நகத்தால் கிள்ளி எண்ணெய் கசிகிறதா பார்த்தார். தண்ணீரில் போட்டு எது மிதக்கிறது, எது தலை நிமிர்ந்து நிற்கிறது என்று பார்த்தார். கடைசியில் ஒவ்வொரு குவியலையும் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டினார். பெரிய நாடக நடிகரிடம்கூட அந்த நடிப்பை எதிர்பார்க்க முடியாது. "இது உங்களுது. போன வாரம் காஞ்சது. அது என்னுது. இந்தோனேசியா, ஒன்றரை வருஷப் பழசு" என்றார்.

சரியாக இருந்தது. அம்மையார் முகம் மலர்ந்தது. இப்படிப்பட்ட நிபுணருக்கு மரியாதை செய்யாமல் விடலாமா? உள்ளேயிருந்து அன்றைக்கு வந்த முதல் தரச் சாக்கு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அவரே வாயை அவிழ்த்து, பாயின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "இதை மோந்து பாருங்கள். இதுதான் பெம்பா."

பாய் மரியாதைக்காகத் தலையைச் சாக்குக்குள் விட்டார். தலையாட்டத் தயாராக இருந்தார். ஆனால் ஆட்டவில்லை. அப்படியே நின்றார். வெளியே எடுத்தார். முகம் கோணியிருந்தது. மறுபடி விட்டார்.

"மாப்ள" என்றார் சாக்குக்குள்ளிருந்து. "இங்க எங்கயாச்சும் டயர எரிக்கிறானுவளா?"

"இல்லையே பாய்."

"நாறுதுடா. டயர் எரிஞ்ச நாத்தம் நாறுது. சாக்குக்குள்ள இருந்துதான் வருது. மாப்ள, நாறுதுடா, நாறுது!"

தலையை வெளியே எடுத்து என்னைக் கட்டிப்பிடித்தார். ஜுமாவைக் கட்டிப்பிடித்தார். அம்மையாரின் முன் கைகளை விரித்துக்கொண்டு, "மேடம், யுவர் கிராம்பு வெரி பேட் ஸ்மெல், தேங்க் யூ, தேங்க் யூ" என்றார். கண்ணீர் தாடியில் வழிந்துகொண்டிருந்தது.

தீவின் மானத்தையே சாக்கோடு பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மையாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இனி மறைத்துப் பயனில்லை என்று நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொரோனா, கெட்ட மீன் குழம்பு, வளைந்து வந்த படகு, இரண்டு கிலோ சாம்பிள் எல்லாம். அவர் சாக்கை மெல்லக் கீழே வைத்தார். "என் அக்காவுக்கும் இப்படித்தான். மூக்கு திரும்பும்போது முதலில் தப்புத் தப்பாகத் திரும்பும். ஐந்து மாதம் அவளுக்குக் காபி சாக்கடை மாதிரி நாறியது. பிறகு சரியாயிற்று" என்றார். அப்புறம் டீ வரவழைத்தார். அதில் கிராம்பு போட்டிருந்தது. பாய் முகத்தைச் சுளித்துச் சுளித்து, ஆனந்தமாக மூன்று கிளாஸ் குடித்தார்.

பெட்டியில் இருந்ததெல்லாம் அன்றே காலி. தைலம் அந்த ஆபீஸ் முழுக்க விநியோகமானது. கம்பளியை ஜுமா அந்தக் காற்றில் போர்த்திக்கொண்டு மகாராஜா மாதிரி படகோட்டினார். மறுநாள் பாய் தீவு முழுக்க நடந்தார். ரோட்டோரம் ஓலை விரிப்புகளில் கிராம்பு காய்கிற இடமெல்லாம் குனிந்து மோந்து, "இதுவும் டயர், இதுவும் டயர்" என்று பூரித்துப் போனார். அந்த ஊர்ப் பெண்கள் சிரித்து ஓய்ந்து போனார்கள்.

துபாய் திரும்பியதும் பாய் நேராக அர்பாபிடம் போய் உண்மையைச் சொன்னார். நான் கடை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். அர்பாப் கேட்டு முடித்துவிட்டு, "ரெண்டு வருஷமா நகத்தையும் தண்ணியையும் வச்சு ஒரு மூட்டைகூடத் தப்பா வாங்கலியே. கலாஸ், அவ்வளவுதான், போய் வேலையைப் பாரு" என்றாராம். பாய் வெளியே வந்து, வாசலில் குவித்திருந்த பட்டையை ஒரு கை அள்ளி மோந்தார். "பினாயில்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு மூக்கு நிலவரம் வந்துவிடும். ஏலக்காய் இன்னும் செருப்புத் தோல். மிளகு, பழைய சாக்ஸ். கிராம்பு டயரிலிருந்து இறங்கி இப்போது ஈரச் சாக்கு வரை வந்திருக்கிறது. எதுவும் இன்னும் அதுவாக வரவில்லை. நான் தேற்றினால் அவருக்குக் கோபம் வரும். "வந்துக்கிட்டுத்தானடா இருக்கு" என்பார்.

போன ஞாயிறு எனக்கு ஓவர்டைம். டியூட்டி முடித்து, குளிக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே பஸ் ஏறித் தேராவுக்குப் போனேன். ரூம் கதவைத் திறந்த பாய் வழி விடாமல் நின்றார். மூக்கு இரண்டு தடவை துடித்தது. என் தோளைப் பிடித்துத் திருப்பி, சட்டைக் காலரில் முகத்தை வைத்து ஆழமாக உறிஞ்சினார்.

"களிமண்ணு. அதுக்கு மேல வேர்வ. மத்தியானம் தின்ன வெங்காயம்." மறுபடி உறிஞ்சினார். "இது சரியா வருதுடா மாப்ள. உன் நாத்தம் மட்டும் அப்படியே இருக்கு."

என் கேம்ப் ரூமுக்குத் திரும்பி வந்து அந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஒரு வாரமாகிறது, ரூம்மேட்டுகள் திட்டுகிறார்கள். இன்று ஞாயிறு, துவைக்காமல் அதையேதான் போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.